அப்பா உள்ளே போகாத தேவாலயம்

(இந்த எபிசோடில் பேசியதை வாசிப்பதற்கு ஏற்றபடி கொஞ்சம் திருத்தித் தந்திருக்கிறோம். பேச்சு வழக்கைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

திருத்தணியிலிருந்து பேசறேன்.

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர், "மலைக்கோயிலைப் பத்தியே பேசறீங்களே, வேற எங்கயும் போறதில்லையா?"ன்னு கேட்டிருந்தீங்க. போனேன். அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஒரு தேவாலயத்துக்குப் போனேன். சென்னையில, செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள்ள இருக்கிற புனித மரியாள் ஆலயம். 1680-ல் திறந்த கோயில். சூயஸுக்குக் கிழக்கே இருக்கிற ஆங்கிலிகன் கோயில்களிலேயே பழையது இதுதான்னு சொல்வாங்க.

திருத்தணிக்காரங்களுக்கு இந்த மாதிரி இடத்துக்குப் போறதுல ஒரு சின்னத் தயக்கம் இருக்கு. அதை முதல்ல சொல்லிடறேன். எங்க ஊர்ல "துரை"ன்னா முருகன்தான், தணிகைத் துரை. டிசம்பர் 31 ராத்திரி திருப்புகழ் பாடிக்கிட்டே ஒவ்வொரு படியா ஏறுவாங்க இல்லையா, 365 படி, வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை. அந்தப் படித் திருவிழாவை ஆரம்பிச்சவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தக் காலத்துல ஜனவரி 1 ஆச்சுன்னா, உத்தியோகத்துல இருக்கிற நம்ம ஆளுங்க பழமும் மாலையும் எடுத்துக்கிட்டு வெள்ளைக்காரத் துரை வீட்டு வாசல்ல போய்க் கைகட்டி நிப்பாங்களாம். அதைப் பார்த்து மனசு நொந்துதான், அங்க ஏன் போறீங்க, தணிகைத் துரையைப் பார்க்க வாங்கன்னு சுவாமிகள் கூட்டிக்கிட்டு வந்தார்னு சொல்வாங்க.

அப்படிப்பட்ட ஊர்ல பிறந்தவங்க நாங்க. துரைமார் கட்டின கோயிலுக்கு எதுக்குப் போகணும்?

எனக்கு ஒரு காரணம் இருந்துச்சு. எங்க அப்பா.

கோட்டைன்னா மனு

எங்க வீட்ல "கோட்டை"ங்கற வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான்: மனு. எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. ஒண்ணே முக்கால் ஏக்கர் புஞ்சை. அந்த நிலத்துக்கு எங்க தாத்தா கட்டின கிஸ்து ரசீதெல்லாம் தெலுங்குல இருக்கும். ஏன்னா, 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிஞ்சப்போ சித்தூர் மாவட்டத்தோட சேர்ந்து திருத்தணியும் அந்தப் பக்கம் போயிடுச்சு. ம.பொ.சி. போராட்டம், பேச்சுவார்த்தை எல்லாம் நடந்து, 1960 ஏப்ரல் 1-ம் தேதிதான் நாம இந்தப் பக்கம் வந்தோம். ஊர் வந்துடுச்சு. காகிதங்கள் உடனே தமிழாகலை.

தாத்தா பேர்ல இருந்த பட்டாவை அப்பா பேருக்கு மாத்தணும். சர்வே நம்பர்ல ஒரு குழப்பம், தெலுங்குல எழுதின பேரைத் தமிழ்ல எழுதினதுல ஒரு குழப்பம். அதுக்காக ஒரு அலுவலகத்துல இருந்து இன்னொரு அலுவலகம்னு அலைஞ்சார். கடைசியில கோட்டை வரைக்கும் மனு எடுத்துக்கிட்டுப் போனார். எத்தனை தடவைன்னு எங்களுக்குக் கணக்குத் தெரியாது. விடியற்காலை ரயிலைப் பிடிச்சுப் போவார், ராத்திரி வருவார். வந்து சொல்லுவார்: "ஒரு சர்ச்சு இருக்கு, அதுக்கு எதிர்ல நிழல் இருந்துச்சு, அங்க உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டேன்."

ஒரு தடவை நான் கேட்டேன், "உள்ள போய்ப் பார்த்தீங்களாப்பா?"ன்னு.

"அது துரைமாருங்க கோயிலு. நமக்கு என்னம்மா வேலை அங்க?"

அவ்வளவுதான் சொன்னார். அப்பா இறந்து மூணு வருஷம் ஆகுது. அந்த வாசலுக்கு எதிர்ல அத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்த மனுஷன் உள்ள என்ன இருக்குன்னு பார்க்கவே இல்லையேன்னு எனக்கு மனசுல ஒரு உறுத்தல் இருந்துக்கிட்டே இருந்துச்சு. அதனாலதான் போனேன்.

செருப்பைக் கழற்றுவதா?

திருத்தணியில மின்சார ரயில் ஏறி, அரக்கோணம் வழியா சென்ட்ரல். ரோட்டைக் கடந்து பார்க் ஸ்டேஷன். அங்கேர்ந்து கடற்கரை போற வண்டியில அடுத்த ஸ்டேஷனே கோட்டை. இறங்கி நடந்தா வாசல்ல போலீஸ் சோதனை. பையைத் திறந்து காட்டணும். தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் ராணுவமும் ஒரே மதிலுக்குள்ள இருக்கிற இடம் இல்லையா. கையில ஃபைல் வெச்சுக்கிட்டு நிறைய பேர் நிக்கறாங்க. அப்பா மாதிரி ஆளுங்க. அம்மா அவங்களையே பார்த்துக்கிட்டு வந்தாங்க.

ஆலயத்துக்கிட்ட வந்ததும் முதல் பிரச்சினை. வெளிமுற்றம் முழுக்கக் கல் பாவியிருக்கு. உத்துப் பார்த்தா ஒவ்வொரு கல்லுலயும் எழுத்து. லத்தீன், ஆங்கிலம், இன்னும் வேற பாஷைகள். எல்லாம் கல்லறைக் கல்.

அம்மா அப்படியே நின்னுட்டாங்க. "செத்தவங்க பேரு மேல காலை வெக்கறதா?"

அங்க இருந்த காவலாளி, "பரவாயில்லம்மா, எல்லாரும் நடக்கறாங்க, உள்ள வாங்க"ன்னார். அம்மா கேக்கலை. செருப்பைக் கழற்றிக் கையில எடுத்துக்கிட்டு, கல் இல்லாத ஓரமாப் பார்த்துப் பார்த்துக் காலை வெச்சு வந்தாங்க. வெயில்ல கல் எப்படிக் கொதிக்கும்னு உங்களுக்குத் தெரியும்.

நம்ம கோயில்கள்ல நாம நேர்மாறாப் பண்ணுவோம். படிக்கல்லுல பேரைச் செதுக்கி வெச்சு, அடியார் கால் படட்டும்னு விடுவோம். அது உயிரோட இருக்கறவங்க தானா விரும்பிச் செய்யற பணிவு. ஆனா இந்தக் கல்லுல இருக்கற யாரும் இங்க வந்து படுக்கணும்னு விரும்பலை. இந்தக் கல்லுங்க இங்க வந்த கதையே வேற.

இங்கிலீஷ்காரங்களோட பழைய இடுகாடு கோட்டைக்கு வெளிய, பின்னாடி சட்டக் கல்லூரி வந்த இடத்துல இருந்துச்சு. பெரிய பெரிய சமாதிகள். 1758 டிசம்பர்ல பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து கோட்டையை முற்றுகை போட்டப்போ, அவர் படை அந்தச் சமாதிகளுக்குப் பின்னாடி மறைஞ்சுக்கிட்டுத்தான் சுட்டுச்சு. முற்றுகை தோத்ததும் கம்பெனிக்காரங்க யோசிச்சாங்க: இந்தச் சமாதிகள் எதிரிக்கு அரண் ஆயிடுதே. இடிச்சாங்க. கல்வெட்டுகளை மட்டும் கோட்டைக்குள்ள கொண்டு வந்து ஆலயத்தைச் சுத்திப் பாவினாங்க. ஹைதர் அலியோட சண்டை வந்தப்போ, பீரங்கி நிறுத்தறதுக்காக இதுலயே சில கல்லைப் பேத்து எடுத்தாங்க.

அதனால கல் இங்க, உடல் அங்க. இந்தக் கற்கள்ல ரொம்பப் பழையது எலிசபெத் பேக்கர்ங்கற பெண்மணியோடது, 1652. கோட்டையோட முதல் தலைவரா இருந்த ஆரோன் பேக்கரோட மனைவி. இந்தியாவுல இருக்கிற பிரிட்டிஷ் கல்வெட்டுகள்லயே பழையது இதுன்னு சொல்றாங்க.

இதை நான் அம்மாகிட்ட விளக்கினேன். "அடியில யாரும் இல்லம்மா, வெறும் கல்லுதான்." அம்மா சொன்னாங்க: "பேரு இருக்குதே."

அந்த ஒரு வார்த்தை அன்னைக்கு முழுக்க என் கூடவே வந்துச்சு.

குண்டு துளைக்காத கூரை

உள்ள போனோம். சில்லுன்னு இருக்கு. ஏன்னு கேட்டா, வெளிச் சுவர் நாலடி கனம். மேல கூரை ரெண்டடி கனத்துக்கு செங்கல் வளைவு. நம்ம ஊர்ல மெட்ராஸ் டெர்ரஸ் போடுவாங்களே, உத்திரம் வெச்சு, அது மாதிரி இல்லை. கூரையைத் தாங்க மர உத்திரமே கிடையாது. மூணு நீள வளைவுகள் பக்கத்துல பக்கத்துல. ஏன் அப்படின்னா, பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கணும். இதைக் கட்டினவர் கோட்டையோட பீரங்கிப் படைத் தலைவர் வில்லியம் டிக்சன்னு கருதறாங்க. பீரங்கிக்காரர் கட்டின கோயில் வேற எப்படி இருக்கும்! (சிரிப்பு)

அந்தக் காலத்தை நினைச்சுப் பாருங்க. 1677-ல் சிவாஜி தெற்கே படையெடுத்து இந்தப் பக்கமா வந்துட்டுப் போறார். மதராஸ்ல கம்பெனிக்காரங்க நடுங்கிப்போய் இருக்காங்க. அடுத்த வருஷம், 1678 மார்ச் 25, மரியாளுக்கு வானதூதர் மங்களச் செய்தி சொன்ன திருநாள் அன்னைக்கு வேலை ஆரம்பிக்குது. அதனாலதான் மரியாள் பேரு. 1680 அக்டோபர் 28-ல் அர்ப்பணிப்பு.

கோட்டை வந்து கிட்டத்தட்ட நாப்பது வருஷம் இங்கிலீஷ்காரங்களுக்குத் தனிக் கோயில் இல்லை. ஒரு அறையிலதான் ஜெபம். கத்தோலிக்கர்களுக்கு அதுக்கு முன்னாடியே கோட்டைக்குள்ள கோயில் இருந்துச்சு. ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர்ங்கறவர் தலைவரா வந்ததும் நன்கொடைச் சீட்டு ஒண்ணை ஆரம்பிச்சு, அங்க இருந்தவங்ககிட்ட வசூல் பண்ணிக் கட்டினார். கம்பெனி பணம் இல்லை. நம்ம ஊர்ல கும்பாபிஷேகத்துக்கு வசூல் பண்ற மாதிரிதான்.

இன்னொரு விஷயம். அப்போ இந்த நிலம் இங்கிலீஷ்காரங்களோடது இல்லை. கோல்கொண்டா சுல்தானோட ஆட்சி. 1672 ஒப்பந்தப்படி கம்பெனி வருஷத்துக்கு 1,200 பகோடா வாடகை கட்டிக்கிட்டு இருந்துச்சு. அதுக்கும் முன்னாடி, 1639-ல் இந்த மணல் திட்டைக் கம்பெனிக்குக் கொடுத்தவர் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர். சந்திரகிரி விஜயநகர அரசருக்குக் கீழ்ப்பட்டவர். சந்திரகிரி எங்கே இருக்கு? திருத்தணியில பஸ் ஏறித் திருப்பதி தாண்டினா சந்திரகிரி. அதாவது சென்னைப் பட்டணத்துக்கே முதல் பட்டா எங்க பக்கத்துலேர்ந்துதான் வந்திருக்கு. அதே பட்டணத்துக்கு எங்க அப்பா பட்டா கேட்டு வந்தார்.

பேர் உள்ளவங்க, பேர் இல்லாதவங்க

இந்த ஆலயத்தைப் பார்க்கப் போறவங்களுக்கு எல்லாரும் சொல்ற ரெண்டு கல்யாணக் கதை உண்டு. 1680 நவம்பர்ல, ஆலயம் திறந்து ஒரு வாரத்துல, எலிஹு யேல் இங்க கல்யாணம் பண்ணிக்கறார். இங்க நடந்த முதல் கல்யாணம் அதுதான். மணமகள் கேத்தரின், கணவரை இழந்தவர். யேல் பின்னாடி கவர்னர் ஆனார். இங்கிலாந்து திரும்பின பிறகு, 1718-ல் அவர் அனுப்பின சரக்கை வித்த பணத்துக்காகத்தான் அமெரிக்காவுல ஒரு கல்லூரி அவர் பேரை வெச்சுக்கிச்சு. இன்னைக்கு யேல் பல்கலைக்கழகம்.

ஆனா யேல் கவர்னரா இருந்தப்போ, கோட்டை நிர்வாகம் மதராஸ்லேர்ந்து கப்பல்கள்ல அடிமைகளை ஏத்தி அனுப்பினதுக்கும் பதிவு இருக்கு. யேல் பல்கலைக்கழகம் தன் வரலாற்றுக்கும் அடிமை முறைக்கும் இருந்த தொடர்புக்காக 2024-ல் மன்னிப்புக் கேட்டுச்சு. கல்யாணத்துக்குப் பேர் இருக்கு, தேதி இருக்கு. கப்பல்ல போனவங்க பேரை எந்தச் சுவர்ல தேடறது? அவங்க நம்ம ஆளுங்கதானே.

ரெண்டாவது கல்யாணம், 1753 பிப்ரவரியில, ராபர்ட் கிளைவ். இதுல எனக்குப் பிடிச்சது மாப்பிள்ளை இல்லை, நடத்தி வெச்ச பாதிரியார். யோகான் பிலிப் பப்ரிசியுஸ். ஜெர்மானியர். பைபிளைத் தமிழ்ல மொழிபெயர்த்தவர். 1779-ல் வேப்பேரியில அவரோட தமிழ் அகராதி அச்சாச்சு. கிளைவ் பேரு ஸ்கூல் பாடத்துல வருது. பப்ரிசியுஸ் பேரு அகராதி புரட்டறவங்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் ஞானஸ்நானத் தொட்டி. கறுப்புக் கல். பல்லாவரம் மலைக் கல். 1689-ல் இங்க மூணு பொண்ணுங்களுக்கு ஞானஸ்நானம் நடந்தது. மேரி, எலிசபெத், கேத்தரின். அப்பா ஜாப் சார்னாக். அடுத்த வருஷம் கல்கத்தாவுல குடியேறி, அந்த ஊரை உருவாக்கினவர்னு பேர் எடுத்தவர். அவர் செத்தப்போ கல்லறைக்குப் போட்ட கல்லும் இதே சென்னைப் பக்கத்துக் கல்தான். 1893-ல் தாமஸ் ஹாலண்ட்ங்கற புவியியல் அறிஞர் அந்தக் கல்லறையை ஆராய்ஞ்சு, இந்தப் பாறை வகைக்கே "சார்னோக்கைட்"னு பேர் வெச்சார். பல்லாவரத்துல கோடிக்கணக்கான வருஷமா இருக்கிற நம்ம கல்லுக்கு, கல்கத்தாவுல செத்த ஒருத்தர் பேர்.

சரி, அந்த மூணு பொண்ணுங்களோட அம்மா? அவங்க இந்தியப் பெண். உடன்கட்டை ஏறப் போனவங்களை சார்னாக் காப்பாத்தினார்னு ஒரு கதை சொல்வாங்க. அது கதை. அவங்க பேர் என்னன்னு உறுதியாச் சொல்ற பதிவு கிடையாது. புருஷன் பேரு பாறைக்கே வந்துடுச்சு. பொண்ணுங்க பேரு தேதியோட இருக்கு. அம்மா பேரு மட்டும் இல்லை.

எங்க அம்மா இதைக் கேட்டுட்டு அந்தத் தொட்டியோட விளிம்பை ஒரு தடவை தொட்டாங்க. ஒண்ணும் பேசலை.

பீடத்துக்குப் பின்னாடி ஒரு ஓவியம், இயேசுவோட கடைசி இராவுணவு. யார் வரைஞ்சதுன்னு தெரியாது. 1761-ல் புதுச்சேரியைப் பிடிச்சப்போ எடுத்துக்கிட்டு வந்ததுன்னு சொல்றாங்க. சுவர் பூராவும் பளிங்குப் பலகைகள். தஞ்சாவூர்ல இருந்த ஸ்வார்ட்ஸ் ஐயருக்கு கம்பெனி வெச்ச சிற்பமும் இங்கதான்.

இதை எல்லாம் வேகமாச் சொல்லிட்டுப் போறேன். நான் தேடிப் போன ஆள் வேற.

மன்றோவும் எங்க பட்டாவும்

சர் தாமஸ் மன்றோ. அண்ணா சாலையில, தீவுத்திடல் பக்கம், குதிரை மேல உட்கார்ந்திருக்காரே, அவர்தான். 1820-லேர்ந்து 1827 வரைக்கும் மதராஸ் கவர்னர். அவர் புதைக்கப்பட்ட இடம் இந்த ஆலயம்.

எங்க பக்கத்துல மன்றோ பேரு ரொம்பப் பேருக்குத் தெரியும். திருமலையில நைவேத்தியத்துக்கு "மன்றோ கங்காளம்"னு ஒரு பெரிய பாத்திரம் இருக்கு, அவர் கொடுத்ததுன்னு சொல்வாங்க. ராயலசீமையில அவர் பேரைக் குழந்தைக்கு வெச்சவங்க உண்டு. 1827 ஜூலையில, பதவி முடிஞ்சு ஊருக்குப் போற நேரத்துல, அவர் கலெக்டரா இருந்த ஜில்லாக்களைக் கடைசியா ஒரு சுத்துப் பார்க்கப் போய், பத்திகொண்டாவுல காலரா வந்து இறந்தார். முதல்ல குத்தியில புதைச்சாங்க. நாலு வருஷம் கழிச்சு உடலை இங்க கொண்டு வந்தாங்க.

இவருக்கும் எங்க அப்பாவுக்கும் என்ன சம்பந்தம்? ரயத்துவாரி. ஜமீன்தார் கிட்ட மொத்தமா வரி வாங்கறதுக்குப் பதிலா, ஒவ்வொரு வயலையும் அளந்து, நம்பர் போட்டு, தீர்வை கட்டி, உழவர் பேர்லயே நேரா பட்டா கொடுக்கிற முறை. பாராமகால்ல அலெக்சாண்டர் ரீட் கீழ வேலை பார்த்தப்போ மன்றோ அதைக் கத்துக்கிட்டார். கவர்னர் ஆனதும் மாகாணம் பூரா கொண்டு வந்தார்.

அப்போ திருத்தணிக்கு அது வரலை. எங்க பக்கம் கார்வேட்டிநகரம் ஜமீன். சுதந்திரத்துக்கு அப்புறம் 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்துச்சு. அந்தச் சட்டத்தோட முழுப் பேரைப் பாருங்க. எஸ்டேட்டுகளை ஒழித்து அவற்றை ரயத்துவாரியாக மாற்றும் சட்டம். மன்றோ செத்து 121 வருஷம் கழிச்சு அவரோட முறை எங்க தாத்தா வீட்டுக்கு வந்துச்சு. எங்க தாத்தா கையில பட்டான்னு ஒரு காகிதம் கிடைச்சது அப்படித்தான்.

அதாவது, அப்பா எந்தக் காகிதத்துக்காக வருஷக்கணக்கா அலைஞ்சாரோ, அந்தக் காகிதத்தை இந்த மாகாணம் முழுக்கப் பரப்பின ஆள், அப்பா கட்டுச்சோறு சாப்பிட்ட இடத்துக்கு எதிர்லயே படுத்திருந்திருக்கார். நடுவுல ஒரு நாலடிச் சுவர்.

மன்றோவைப் புகழறதுக்காக இதைச் சொல்லலை. அந்த வரி அந்தக் காலத்துல ரொம்ப அதிகம். கட்ட முடியாம நிலத்தைப் போட்டுட்டு ஓடினவங்க உண்டு. இன்னொண்ணு, பட்டாவுல ஏறினது நிலத்துக்குச் சொந்தம் கொண்டாட முடிஞ்சவங்க பேரு. அதே வயல்ல தலைமுறை தலைமுறையா வேலை செஞ்ச பண்ணையாள் பேரு எந்தப் பட்டாவுலயும் ஏறலை. சார்னாக் மனைவி மாதிரிதான் அவங்களும். இருந்தாங்க, வேலை செஞ்சாங்க, ஏட்டுல இல்லை. எங்க ஒண்ணே முக்கால் ஏக்கர்லயும் அப்படி வேலை செஞ்ச குடும்பங்கள் இருந்திருக்காங்க. எனக்கு அவங்க பேர் தெரியாது. இதை நான் அங்க நின்னுதான் யோசிச்சேன். அதுவரைக்கும் பட்டா விஷயத்துல எங்க வீட்டுக்கு நடந்த கஷ்டம் மட்டும்தான் எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

மன்றோ பேரைக் காட்டி அம்மாகிட்ட, "இவர்தாம்மா பட்டா கொடுக்கிற முறையைக் கொண்டு வந்தவர்"னு சொன்னேன்.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்துட்டுக் கேட்டாங்க: "இந்த இடம் இவரு பேர்ல இருக்குதா?" (சிரிப்பு)

அந்த நிழல்

வெளிய வந்ததும் அம்மா கேட்டாங்க, "அப்பா எங்க உட்காருவாரு?" எனக்கு எப்படித் தெரியும்? "சர்ச்சுக்கு எதிர்ல நிழல்"ங்கறதுதான் அப்பா விட்டுட்டுப் போன அடையாளம். இருக்கிறதுல நல்ல நிழலாப் பார்த்து உட்கார்ந்தோம். அம்மா புளிச்சோறு கட்டிக்கிட்டு வந்திருந்தாங்க. எனக்குத் தெரியாது, எனக்கு வெளிய ஹோட்டல்ல சாப்பிடலாம்னு யோசனை. "அவரு சாப்பிட்ட இடத்துல சாப்பிடலாம்னுதான்"னாங்க.

அந்தப் பட்டா என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. வந்துச்சு. அப்பா இறந்த மறு வருஷம், அம்மா பேர்ல. எழுத்துப்பிழை இல்லாம. பெத்தவங்க வெச்ச பேரு அரசாங்கக் காகிதத்துல சரியா வந்ததுக்கு அம்மா அன்னைக்கு அழுதாங்க. கல்லுல எழுதின பேரை ஏன் மிதிக்க மாட்டேன்னு சொன்னாங்கங்கறது எனக்கு இந்த இடத்துலதான் புரிஞ்சுது.

"நமக்கு என்ன வேலை அங்க?"ன்னு அப்பா கேட்டாரே, அதுக்கு நான் இப்போ பதில் சொல்லுவேன். வேலை இருக்குப்பா. பல்லாவரத்துக் கல்லு நம்மளோடது. செங்கல் சுமந்தவங்க, சுண்ணாம்பு அரைச்சவங்க நம்ம ஆளுங்க. அந்தச் சுவர்ல இருக்கிறவங்க எடுத்த முடிவுகள்தான் நம்ம வீட்டு டிரங்குப் பெட்டியில காகிதமா இருக்கு. கைகட்டி நிக்கறதுக்காக இல்லை, கணக்குப் பார்க்கறதுக்காகப் போகலாம்.

நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் அப்படித்தான் பண்ணினார். 1888-ல் திருத்தணியில பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். திருப்பதியில மிஷன் பள்ளி, வேலூர்ல மிஷன் கல்லூரி, அப்புறம் மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரி. அந்தக் கல்லூரி அப்போ தாம்பரத்துல இல்லை, இந்தக் கோட்டையிலிருந்து நடந்து போற தூரத்துல ஜார்ஜ் டவுன்ல இருந்துச்சு. இந்து சமயத்தைப் பத்தி அங்க கேட்ட விமர்சனங்கள்தான் தன்னை வேதாந்தத்தை ஆழமாப் படிக்க வெச்சதுன்னு அவரே பின்னாடி எழுதியிருக்கார். அடுத்தவங்க வீட்டுக்குள்ள போய்ப் பார்த்தா, நம்ம வீடு இன்னும் நல்லாத் தெரியும்.

போகிறவர்களுக்கு

சில நடைமுறை விஷயம் சொல்லிடறேன். அடையாள அட்டை கட்டாயம் எடுத்துக்கிட்டுப் போங்க. சட்டமன்றம் நடக்கிற நாள்ல போகாதீங்க, கெடுபிடி அதிகம். ஞாயிறு காலையில அங்க இன்னும் ஆராதனை நடக்குது. தென்னிந்தியத் திருச்சபையோட சென்னைப் பேராயத்துக்குச் சேர்ந்த, உயிரோட இருக்கிற சபை அது. அந்த நேரத்துல போனா அமைதியா உட்காருங்க, போட்டோ எடுக்காதீங்க. மத்த நேரத்துலயும் கேட்டுட்டு எடுங்க. பக்கத்துலயே கோட்டை அருங்காட்சியகம் இருக்கு, வெள்ளிக்கிழமை விடுமுறை. செருப்பு விஷயம் உங்க இஷ்டம். எங்க அம்மா வழியில போறவங்க வெயில் ஏறறதுக்கு முன்னாடி போயிடுங்க.

உங்க ஊர்லயும் இப்படி ஒரு இடம் இருக்கும். தினம் அந்த வழியாப் போவீங்க, ஆனா உள்ள போயிருக்க மாட்டீங்க. தேவாலயமா இருக்கலாம், தர்காவா இருக்கலாம், பழைய கச்சேரியா இருக்கலாம். போய்ப் பார்த்துட்டு, யார் பேர் இருக்கு, யார் பேர் இல்லைன்னு எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்புங்க.

எங்க வீட்ல ஒரு வேலை பாக்கி இருக்கு. எங்க நிலத்துல வேலை செஞ்சவங்க பேரு ஊர்ல பெரியவங்க யாருக்காவது தெரியுமான்னு அம்மா விசாரிக்க ஆரம்பிச்சிருக்காங்க. இதுவரைக்கும் ரெண்டு பேர் கிடைச்சிருக்கு. அம்மா அதை அப்பாவோட மனு ஃபைல் அட்டையிலயே பென்சிலால எழுதி வெச்சிருக்காங்க.